லீவுக்கு சைக்கிளைப் பத்திரமாக வைத்துத் தருகிறோம் என்று யாராவது வந்தால், இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்

நேற்று மாலை நடந்தது. இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை, அதனால் கோர்வையாக வராது, பொறுத்துக்கொள்ளுங்கள். எட்டு மாதச் சேமிப்பு போய்விட்டது. எட்டு மாதம் சாயங்காலம் சாயங்காலம் டியூஷன் எடுத்துச் சேர்த்து வாங்கிய கியர் சைக்கிள், வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை.

கவனமில்லாதவன் என்று நினைக்காதீர்கள். திருட்டுக்குப் பயந்து பயந்தே கல்லூரியில் அதை வைத்திருந்தேன். கம்பிக் கயிறு மாதிரி இருக்கும் கேபிள் பூட்டைக் கட்டிங் பிளேயரால் நறுக்கிவிடலாம் என்பதால் U வடிவத்தில் கனமான இரும்புக் கம்பியாக இருக்கும் யூ லாக் வாங்கினேன். அதிலும் குழாய் மாதிரி வட்டமான சாவி போடுகிற ரகம் வேண்டாம் என்று ஒதுக்கினேன், 2004இல் அந்த மாதிரிப் பூட்டுகளைச் சாதாரண பால்பாயிண்ட் பேனாக் குழாயை நுழைத்தே திறந்து காட்டினார்கள் என்று படித்திருக்கிறேன். முன்சக்கரத்தை மட்டும் பூட்டினால் அதைக் கழற்றி வைத்துவிட்டு மீதியைத் தூக்கிக்கொண்டு போவார்கள், அதனால் பின்சக்கரத்தையும் ஃபிரேமையும் சேர்த்துக் கம்பத்தோடு பூட்டுவேன். சீட்டைக்கூடக் கழற்றிக்கொண்டு வகுப்புக்குப் போவேன், எல்லோரும் சிரிப்பார்கள். இவ்வளவும் செய்துவிட்டு, கடைசியில் என் கையாலேயே தூக்கிக் கொடுத்தேன் பாருங்கள்.

செமஸ்டர் லீவு வந்தது. விடுதி ஸ்டாண்டில் யாரும் வண்டி விட்டுப் போகக்கூடாது, விட்டால் அப்புறப்படுத்துவோம் என்று அறிவிப்பு ஒட்டிவிட்டார்கள். ஊருக்குக் கொண்டுபோகலாம் என்றால், முதல் தடவை அட்டைப்பெட்டியில் கட்டிக் கொண்டுவந்த பாடு நினைவுக்கு வந்தது. ஹேண்டில்பாரைத் திருப்பி, பெடலைக் கழற்றி... இடது பெடலின் மரை தலைகீழாக இருக்கும் என்று தெரியாமல் அரைமணி நேரம் அதை இன்னும் இறுக்கிக்கொண்டிருந்தவன் நான். மறுபடியும் அந்த வேலையா என்று சலிப்பு. அப்போதுதான் அந்த ஆப் கண்ணில் பட்டது. விடுதிக்கே வந்து எடுத்துப்போய், லீவு முழுக்கப் பாதுகாத்து, சர்வீஸ் செய்து திருப்பித் தருவார்களாம்.

வந்தவர் நல்ல மாதிரியாகப் பேசினார். அங்கேதான் விழுந்தேன். ஸ்போக்கைத் தட்டிப் பார்த்தார், “நல்லா வச்சிருக்கீங்க தம்பி” என்றார், கைப்பிடியில் என் பெயர் எழுதிய சீட்டு கட்டினார், மற்ற வண்டிகளோடு உரசாமல் இருக்கத் துணி சுற்றினார். அந்தத் துணியைப் பார்த்ததும் மனசு நிறைந்துவிட்டது. ரசீது கொடுத்தார், வாங்கி மடித்துப் பாக்கெட்டில் வைத்தேன். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை.

நேற்று அவர்கள் இறக்கிவிட்டது என் சைக்கிள் இல்லை. அதே கம்பெனி, அதே கறுப்பு, அதே அளவு, என் பெயர்ச் சீட்டுகூட அதில் தொங்குகிறது. ஆனால் மேல் குழாயில் என் பூட்டு இடித்து விழுந்த கீறல் இல்லை. உட்காரும் சீட்டின் இடது ஓரம் கிழிந்து டேப் ஒட்டியிருக்கிறது. சந்தேகம் தீரட்டும் என்று செயினை அளந்தேன். செயினின் ஒரு பின்னிலிருந்து அதற்கடுத்த 24ஆவது பின் வரை அளந்தால் புதுச் செயின் 12 அங்குலம் இருக்கும், இது அதைத் தாண்டி எட்டில் ஒரு பங்கு அங்குலம் நீண்டிருந்தது. நன்றாகத் தேய்ந்து, மாற்றியே ஆக வேண்டிய செயின். டியூஷனுக்கும் வகுப்புக்கும் மட்டும் ஓட்டிய வண்டி ஆறு மாதத்தில் இப்படித் தேயுமா?

வண்டியை எடுத்துப்போனவருக்குப் போன் செய்தேன். “அதுதான் தம்பி உங்க வண்டி, சர்வீஸ் பண்ணினதால புதுசா தெரியுது” என்றார். புதுசாக! ஆப்பில் புகார் போட்டால், உங்கள் திருப்தியே எங்களுக்கு முக்கியம் என்று ஒரு இயந்திரப் பதில். அப்புறம் ஒரு மனிதர் வந்து, நாங்கள் இடைத்தரகர் மட்டுமே, வண்டியை வைத்திருந்தவரிடம் பேசுங்கள் என்றார். அவரிடம் பேசினால் ஆப்பில் பேசுங்கள் என்கிறார். கல்லூரிப் பாதுகாப்பு அலுவலகத்தில், வளாகத்துக்கு வெளியே போன பொருளுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்றார்கள், அதுவாவது நியாயம். காவல் நிலையத்தில் மட்டும்தான் ஒருவர் உருப்படியாக ஒரு கேள்வி கேட்டார்: “ஃபிரேம் நம்பர் என்ன?”

வண்டியின் உடலில் குத்தியிருக்கும், அந்த வண்டிக்கே உரிய நம்பர் அது. எனக்குத் தெரியாது. ரசீதை எடுத்துக் காட்டினேன். “சைக்கிள் - 1” என்று எழுதியிருக்கிறது. அவ்வளவுதான். அவர்கள் கணக்குப்படி ஒரு சைக்கிள் வாங்கினார்கள், ஒரு சைக்கிள் கொடுத்துவிட்டார்கள். எட்டு மாதச் சேமிப்பு அந்த ஒற்றை இலக்கத்துக்குள் காணாமல் போய்விட்டது. வாங்கிய கடையின் பில்லையும் தேடினேன், அதிலும் மாடல் பெயர்தான் இருக்கிறது, நம்பர் இல்லை.

விரிவாக யோசனைகள் எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. இதை மட்டும் செய்யுங்கள். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெடல் அச்சு ஓடும் குழாயின் அடிப்பக்கம் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் நம்பர் குத்தியிருப்பார்கள், இல்லையென்றால் ஹேண்டில்பாருக்குக் கீழே உள்ள குழாயிலோ பின்சக்கரம் மாட்டும் இடத்திலோ இருக்கும். சேறு மூடியிருந்தால் துடைத்துவிட்டுப் படம் எடுத்து, உங்களுக்கே மெயில் அனுப்பி வையுங்கள். யாரிடம் கொடுத்தாலும் ரசீதில் அந்த நம்பரை எழுதச் சொல்லுங்கள், எழுத மாட்டேன் என்றால் கொடுக்காதீர்கள். முடிந்தால் லீவுக்கு ஊருக்குப் போகாத நண்பனின் அறையில் போட்டுவிட்டுப் போங்கள், கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாலும் பரவாயில்லை.

அப்புறம் ஒன்று. என் அறை வாசலில் இப்போது நிற்பது வேறு யாரோ ஒருவருடையது. அவரும் இதே ஆப்பில் கொடுத்துவிட்டு எங்கேயோ அலைந்துகொண்டிருக்கலாம். கறுப்பு கியர் சைக்கிள், சீட்டின் இடது ஓரத்தில் டேப். அதன் நம்பரைக் கவிழ்த்துப் பார்த்துக் குறித்து வைத்திருக்கிறேன். கடைசி நான்கு எழுத்துகளைச் சொல்லிவிட்டு வந்து எடுத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் மேல் குழாயில் கீறல் விழுந்த ஒன்றை இறக்கியிருந்தால், அதையும் ஓட்டிக்கொண்டு வாருங்கள்.