லாரிக்கு ஒரு நியாயம், காருக்கு ஒரு நியாயமா?

சங்ககிரியில் என் பெரியப்பா நாற்பது ஆண்டுகள் லாரி வைத்துத் தொழில் நடத்தியவர். அவருடைய முதல் வண்டி, அவர் வயதுக்காரர்கள் இன்றும் ‘டாடா பென்ஸ்’ என்றே சொல்லும் பழைய லாரி. அவர் கைக்கு வருவதற்குள் அது இரண்டு முதலாளிகளைப் பார்த்துவிட்டிருந்தது. சேலத்து ஜவ்வரிசி மூட்டைகளை அதில் ஏற்றி மகாராஷ்டிரம் வரை போய்வந்து, அந்த வருமானத்தில் மூன்று பெண்களைக் கட்டிக்கொடுத்தார். வீட்டுப் பூஜை அறையில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் அந்த லாரியின் படமும் மாட்டியிருக்கிறது. ஆயுதபூஜை அன்று அதற்கும் சந்தனப் பொட்டு உண்டு.

அவரிடம் போய், “டாடா கார் வாங்கலாம் என்றிருக்கிறேன், மாமா” என்றான் என் மைத்துனன். பெரியப்பா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவதை நிறுத்தினார். “லாரி என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள், மாப்பிள்ளை. கார் என்றால் மாருதி ஷோரூமுக்குப் போங்கள்.”

சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்த பெயரை, கார் என்றதும் வாசலோடு அனுப்பிவிட்டார். சேலம், சங்ககிரி, நாமக்கல் பக்கம் லாரித் தொழிலில் இருக்கும் யாரைக் கேட்டாலும் ஏறத்தாழ இதே பதில்தான் வரும். மைத்துனன் ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் வேலை பார்க்கிறான். வாரத்துக்கு இரண்டு தடவை சேலம் இறங்கி ஏறுகிறவன். இருபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட பாதை அது. அவனுக்கு இது பொழுதுபோக்கு விவாதம் இல்லை என்பதால், எனக்கும் வேலை வந்தது.

முதலில் அந்தக் கெட்ட பெயர் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். 1954-இல் டெய்ம்லர்-பென்ஸ் கூட்டுறவில் லாரி செய்யத் தொடங்கிய டாடா நிறுவனம், இண்டிகா என்ற தன் முதல் சிறிய காரை 1998 டிசம்பரில்தான் வெளியிட்டது. இடையில் நாற்பத்துநான்கு ஆண்டுகள். சுமோ, சஃபாரி எல்லாம் வந்திருந்தன. ஆனாலும் அவை லாரிப் பரம்பரையில் பிறந்த வண்டிகள். இண்டிகாவுக்கு முன்பதிவு ஒரு லட்சத்தைத் தாண்டியது. வண்டி கைக்கு வந்த பிறகு புகார்களும் அதே வேகத்தில் வந்தன: அதிர்வு, இரைச்சல், சீக்கிரமே தேயும் பாகங்கள். குறைகளைத் திருத்தி 2001-இல் ‘வி2’ என்று மறுபடி கொண்டுவந்தார்கள். அது நன்றாகவே விற்றது. ஆனால் முதல் ஆண்டுகளில் வாங்கியவர்கள் வாயை யார் மூடுவது?

அதோடு இன்னொன்றும் சேர்ந்தது. டீசல் மலிவாக இருந்த காலம். இண்டிகா டாக்சிக்காரர்களின் வண்டியாகிவிட்டது. வீட்டுக் கார் ஐந்தாறு ஆண்டுகளில் ஓடும் தூரத்தை டாக்சி ஓராண்டில் ஓடிவிடும். கதவை ஓங்கிச் சாத்துகிறவர்கள், கொள்ளும் அளவுக்கு மேல் ஏறுகிறவர்கள், டைமிங் பெல்ட் மாற்றுவதை அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போடும் முதலாளி என எல்லாவற்றையும் தாங்கிய வண்டி, ஜங்ஷன் ஸ்டாண்டில் நிற்கும்போது லொடலொட என்றுதான் நிற்கும். அதில் பின்சீட்டில் உட்கார்ந்து போனவர்தான் மறுநாள் கார் வாங்கப் போகிறவர். ஆகவே அந்தக் காலத்துப் பெயர் பாதி சம்பாதித்தது, பாதி மற்றவர் தலையில் கட்டியது.

மாருதியின் கதை நேரெதிர். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-க்குள் இருந்தது சுசுகி ஜப்பானில் ஏற்கெனவே செய்து பழகிய சின்ன மூன்று சிலிண்டர் இன்ஜின். எடை குறைவு, பாகங்கள் குறைவு. கெட்டுப்போவதற்கு அதில் அதிகம் எதுவும் இல்லை. அம்பாசடரின் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டே வாழ்ந்த தலைமுறைக்கு, காலையில் சாவியைத் திருப்பினால் கிளம்பும் கார் ஓர் அதிசயம். அந்த நன்றியுணர்வு இன்னும் வற்றவில்லை.

இங்கேதான் பெரியப்பாவின் இரட்டை நியாயத்துக்கு விளக்கம் இருக்கிறது என்று நினைக்கிறேன். லாரிக்காரர் ‘நம்பலாம்’ என்று சொன்னால், எந்த ஊரில் நின்றாலும் சரிசெய்து கிளப்பிவிடலாம் என்று பொருள். சோலாப்பூர் பக்கத்தில் நடுராத்திரி நின்றாலும் ஒரு பட்டறை இருக்கும், அங்கே பாகம் கிடைக்கும், ஓட்டுநருக்கே பாதி வேலை தெரியும். கார்க்காரர் ‘நம்பலாம்’ என்றால் நிற்கவே கூடாது என்று பொருள். லாரியில் முதல் அளவுகோலுக்குப் பழகிய நிறுவனம், காரில் இரண்டாவது அளவுகோலை வைத்திருந்த வாடிக்கையாளரிடம் போய் மாட்டிக்கொண்டது. மாருதி முதல் நாளிலிருந்தே இரண்டாவது அளவுகோலுக்குச் செய்யப்பட்டது.

இந்த இரண்டு பெயர்களையும் ஒரே தராசில் நிறுத்திப் பார்க்க வரலாறே ஒரு வாய்ப்பைக் கொடுத்திருக்கிறது. ஃபியட் நிறுவனத்தின் 1,248 சிசி டீசல் இன்ஜின். மாருதி அதை ‘டிடிஐஎஸ்’ என்ற பெயரில் 2007-இல் ஸ்விஃப்டில் வைத்தது. டாடா ‘குவாட்ராஜெட்’ என்று 2008-இல் இண்டிகா விஸ்டாவில் வைத்தது. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். இரண்டிலும் அந்த டைமிங் பெல்ட்டுக்குப் பதில் செயின். இரண்டும் 75 குதிரைத்திறன். இரண்டுக்கும் ஒரே பலவீனம்: இன்ஜின் சுற்று நிமிடத்துக்கு 2,000-ஐத் தொடும்வரை, இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளி வலுக் கூட்டும் டர்போ தூங்கும். ஏற்காட்டுப் பாதையில் பழகியவர்களுக்கு இது கைக்கணக்கு. வளைவில் நுழையும்போது இரண்டாம் கியரிலேயே திருப்பிவிடலாம் என்று சோம்பினால், வளைவின் நடுவில் வண்டி மூச்சை விட்டுவிடும். பின்னால் வரும் பஸ் ஹாரன் அடிக்கும். அவசரமாக முதல் கியர் தேடுவீர்கள். ஸ்விஃப்ட் ஆனாலும் விஸ்டா ஆனாலும் இதுவே கதை.

ஆனால் இன்று பழைய கார்ச் சந்தையில் டீசல் ஸ்விஃப்டும் டிசையரும் பத்து வயதுக்கு மேலும் நிமிர்ந்து விலை சொல்கின்றன. விஸ்டா அடிமாட்டு விலைக்குப் போகிறது. இதயம் ஒன்றாக இருந்தும் ஏன்? ஒன்று, இதயத்தைச் சுற்றி இருப்பது: வயரிங், ரப்பர் புஷ், கதவுப் பட்டை, ஜன்னல் ஏற்றி. இவற்றில் மாருதியின் கைப்பக்குவம் மேல் என்பதை அந்தத் தலைமுறை வண்டிகளைப் பொறுத்தவரை மறுக்க முடியாது. மற்றொன்று, பட்டறை. சேலத்தில் கோரிமேட்டிலிருந்து கொண்டலாம்பட்டி வரை எந்த மெக்கானிக்கும் ஸ்விஃப்ட் டீசலைக் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பார். அவருக்குத் தெரிந்த வண்டி என்பதால் வேலை சரியாக நடக்கும். வேலை சரியாக நடப்பதால் வண்டி நல்ல பெயர் எடுக்கும். நல்ல பெயர் எடுப்பதால் இன்னும் பல வண்டிகள் அவரிடம் வரும். விஸ்டாவுக்கு இந்தச் சக்கரம் எதிர்த்திசையில் சுற்றியது. பட்ஜெட் குறைவு, ஓட்டம் அதிகம் என்கிறவர்கள் இதை யோசிக்கலாம்: பெயர் கெட்டதால் மலிவாகக் கிடைக்கும், இன்ஜின் அதேதான். ஆனால் திரும்ப விற்கும்போது விலை கிடைக்கவில்லை என்று என்னிடம் வராதீர்கள்.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. 2014-இல் செலேரியோவில் மாருதியும், அதே ஆண்டு ஜெஸ்ட்டில் டாடாவும் கொண்டுவந்த ஆட்டோ கியர் இரண்டுக்கும் அடிப்படை, இத்தாலியின் மேக்னெட்டி மரெல்லி கொடுத்த தொழில்நுட்பம். உள்ளே இருப்பது சாதாரண கிளட்ச் பிளேட். காலுக்குப் பதில் ஒரு கருவி மிதிக்கிறது. சனி, ஞாயிறுகளில் மலைப்பாதையில் வண்டிகள் தேங்கும்போது, பிரேக் பிடிக்காமல் ஆக்சிலரேட்டரிலேயே வண்டியை மேட்டில் நிறுத்திவைப்பவர்கள் கிளட்ச் கருகின வாடையை முகர்ந்தே தீர வேண்டும். அதற்குப் பானெட்டில் இருக்கும் பெயர் பொறுப்பில்லை.

சரி, இன்றைய வண்டிகளுக்கு வருவோம். மைத்துனன் டாடாவின் நெக்சான் பெட்ரோலுக்கும் மாருதியின் ஸ்விஃப்டுக்கும் நடுவில் நின்றான். வகையில் ஒன்றல்ல, தெரியும். வாங்குகிறவர்கள் அப்படித்தான் நிற்கிறார்கள். உறவினர் ஒருவரின் ஸ்விஃப்டையும் நண்பர் ஒருவரின் நெக்சானையும் வாங்கிக்கொண்டு, கூட்டமில்லாத ஒரு புதன்கிழமை காலை அடிவாரத்திலிருந்து ஏற்காட்டு ஒண்டிக்கடை வரை இரண்டிலும் ஏறினோம். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்று மெலிகிறது. டர்போ இல்லாத இன்ஜின் ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ பத்து விழுக்காடு வலு இழக்கும். ஸ்விஃப்டின் எண்பது சொச்சம் குதிரைகளில் பத்துப் பன்னிரண்டு, மேலே போகும்போது லாயத்துக்குத் திரும்பிவிடுகின்றன. ஆனால் அது ஆயிரம் கிலோவுக்குள் நிற்கும் உடம்பு. கியரைத் தாராளமாக மாற்றினால் முனகாமல் ஏறுகிறது. நெக்சான் 1,200 கிலோவுக்கு மேல், 120 குதிரைத்திறன், டர்போ. மேல் வளைவுகளிலும் இழுவை குறைந்ததாகவே தெரியவில்லை. இறங்கும்போது கணக்கு மாறுகிறது. எடை கூடிய வண்டி பிரேக்கையும் டயரையும் கூடுதலாகத் தின்னும். இரண்டாம் கியரில் இறங்கும் பழக்கம் இல்லாதவர் அதற்குக் கூடுதல் விலை கொடுப்பார்.

நெக்சான் பக்கம் நிற்க வலுவான காரணம் வேறு. 2018 டிசம்பரில் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்ற முதல் இந்தியக் கார் அதுதான். அதே அமைப்பின் 2022 சோதனையில் அன்றைய ஸ்விஃப்டுக்குக் கிடைத்தது ஒரே நட்சத்திரம். மோதினால் காப்பாற்றுவது வேறு, தினமும் மக்கர் செய்யாமல் ஓடுவது வேறு என்பது சரிதான். இருந்தாலும் தடுப்புச் சுவருக்கு அப்பால் பள்ளத்தாக்கு தெரியும் பாதையில் இதை ஒதுக்கிவைத்துப் பேச என்னால் முடியாது.

மறுபக்கம், இன்றைய டாடா வண்டிகள் பற்றி உரிமையாளர்கள் பேச்சில் திரும்பத் திரும்ப அடிபடுபவை இன்ஜினும் கியர்பாக்ஸும் அல்ல. திரை உறைந்துபோவது, காரணமில்லாமல் எரியும் எச்சரிக்கை விளக்கு, மென்பொருள் குளறுபடி. நடுவழியில் நிறுத்தும் நோய்கள் இல்லை, நச்சரிக்கும் நோய்கள். மாருதியும் பத்தரைமாற்றுத் தங்கம் என்று எண்ண வேண்டாம். 2014-இல் வயரிங் கோளாறுக்காக 69,555 டீசல் டிசையர், ஸ்விஃப்ட், ரிட்ஸ் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். 2021-இல் இன்னொரு பாகத்துக்காக 1,81,754 வண்டிகள். திரும்ப அழைத்துச் சரிசெய்வது குற்றம் இல்லை; நல்ல பழக்கம். இதே எண்ணிக்கை டாடாவின் பெயரில் வந்திருந்தால் பெரியப்பா வீட்டுத் திண்ணையில் என்ன பேசியிருப்பார்கள் என்றுதான் யோசிக்கிறேன். 2010-இல் சில நானோ கார்கள் தீப்பிடித்ததை இன்றுவரை அங்கே மறக்கவில்லை.

மஹிந்திராவையும் பார்க்கச் சொன்னார்கள். தோட்டத்து மண்பாதைக்கு ஜீப்பும் பொலேரோவும் போல வேறு எதுவும் உழைத்ததில்லை. ஆனால் மைத்துனன் கேட்ட விலைக்கும் அளவுக்கும் அது ஒட்டவில்லை. விட்டுவிட்டோம்.

நச்சரிக்கும் நோய் என்றேனே, அதில் எனக்கே ஓர் அனுபவம் உண்டு. என் காரின் பெயர் இங்கே தேவையில்லை. ஒரு மழைக்காலத்தில் இன்ஜின் எச்சரிக்கை விளக்கு எரியத் தொடங்கியது. கம்பெனி சர்வீஸ் நிலையத்துக்கு நான்கு நடை நடந்தேன். முதல் தடவை கணினியைச் செருகி விளக்கை அணைத்து அனுப்பினார்கள். இரண்டாம் தடவை ஒரு சென்சார் மாற்றினார்கள். மூன்றாம் தடவை இன்னொரு சென்சார். நான்காம் தடவை, “இந்த மாடலே இப்படித்தான், சார்” என்றார்கள். வெறுத்துப்போய் கோரிமேட்டில் ஒரு மெக்கானிக் அண்ணனிடம் விட்டேன்.

அவர் கணினி எதையும் தேடவில்லை. பானெட்டைத் திறந்து குனிந்து முகர்ந்தார். பிறகு வயர்களைச் சுற்றியிருந்த கருப்பு உறையை விரலால் தடவிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தி, பிளந்து காட்டினார். “பாருங்கள் தம்பி, பல் தடம்.” எலி. மஞ்சள் வயர் ஒன்று பாதி கடிபட்டு, செம்பு இழைகள் பச்சை பூத்திருந்தன. குலுங்கும்போது தொடும், விடும். விளக்கு எரியும், அணையும். நறுக்கி, ஒட்டி, டேப் சுற்றி முந்நூறு ரூபாய் வாங்கினார். பானெட்டுக்குள் புகையிலைக் காம்பு கட்டித் தொங்கவிடச் சொன்னார். இன்றும் தொங்குகிறது.

அந்த நான்கு நடைகளில் என் பார்வையில் கெட்டது எலியின் பெயரும் இல்லை, சர்வீஸ் நிலையத்தின் பெயரும் இல்லை. அந்தக் கார்தான் ‘பிரச்சினை பிடித்த வண்டி’ என்று நானே நாலு பேரிடம் சொல்லியிருந்தேன்.

அதனால் மைத்துனனிடம் நான் சொன்னது இவ்வளவுதான். ஊருக்குள் பள்ளிக்கூடம், கடைவீதி, மாதம் ஒரு தடவை மாமியார் வீடு என்று ஓடும் வண்டிக்கு மாருதி போதும். தொந்தரவு குறைவு, விற்றால் காசு. வாரம் இரண்டு தடவை மலை ஏறி இறங்குகிறவனுக்கு நெக்சான்; அதில் ஆட்டோ கியர் மட்டும் வேண்டாம். எந்த நிறுவனம் என்று யோசிக்கிற நேரத்தில் பாதியையாவது எந்த சர்வீஸ் நிலையம் என்று விசாரிப்பதற்குச் செலவழிக்க வேண்டும். டாடா விஷயத்தில் இன்றைக்கும் ஓட்டை அங்கேதான்; ஒரு டீலரிடம் வைரமாக நடக்கும் வேலை அடுத்த டீலரிடம் கரியாகிறது. மாருதியில் அந்த ஏற்றத்தாழ்வு குறைவு.

மைத்துனன் நெக்சானையே எடுத்தான். பூஜைக்குப் பெரியப்பாவை அழைத்தோம். மனத்தாங்கல் எதுவும் காட்டாமல் வந்து, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, வண்டியை நகர்த்தச் சொல்லி நசுங்கிய பழங்களைக் குனிந்து பார்த்துத் திருப்தியானார். பிறகு பானெட்டைத் திறக்கச் சொன்னார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பிளாஸ்டிக் மூடிகளையும் குழாய்களையும் வெகுநேரம் பார்த்தார்.

“இன்ஜின் எங்கே, மாப்பிள்ளை?” என்றார்.