லினக்ஸ் போடும்போது திரை கருப்பாகிவிட்டால்: நான்கு வழிகள், எது யாருக்கு?

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. அதிலிருந்து கோலாலம்பூரில் எனக்குத் தெரிந்த நம்மவர் வீடுகளில் ஒரே கேள்விதான்: இந்தப் பழைய டெஸ்க்டாப்பில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போடலாமா? தாராளமாகப் போடலாம். விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளாத நான்காம் தலைமுறை ஐ5 கூட லினக்ஸ் வகைகளில் ஒன்றான மின்ட்டில் நன்றாகவே ஓடும். ஆனால் பென்டிரைவை மாட்டி, மெனு வந்து, என்டர் தட்டியதும் திரை கருப்பாகிவிடுகிறது என்று பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். அதுதான் வருத்தம்.

கணினி கெட்டுப்போகவில்லை. மெனு வரைக்கும் திரையைப் பார்த்துக்கொள்வது மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேர் (பயாஸ் என்பார்கள்). அப்புறம் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் உள்ள கிராபிக்ஸ் டிரைவர் பொறுப்பேற்கிறது. அந்த இடத்தில்தான் தடங்கல் வருகிறது. அதிலும் பெரும்பாலும் என்விடியா கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினிகளில். தாண்டி வர நான்கு வழிகள் உண்டு. நான்கும் ஒரே தரம் இல்லை.

பலரும் முதலில் சொல்வது நோமோட்செட் (nomodeset). மெனுவில் 'ஈ' விசையை அழுத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியில் இந்தச் சொல்லைச் சேர்த்து, எஃப்10 தட்டினால் போதும். லினக்ஸின் மற்ற வகைகளில், உபுண்டுவில் 'சேஃப் கிராபிக்ஸ்', மின்ட்டில் 'கம்பாட்டிபிலிட்டி மோட்', ஃபெடோராவில் 'பேசிக் கிராபிக்ஸ் மோட்' என்று மெனுவிலேயே தயாராக இருப்பதும் இதே நோக்கத்துக்குத்தான். செலவில்லை, ஐந்து நிமிட வேலை. ஆனால் இது கிராபிக்ஸ் டிரைவரை வேலை செய்யவிடாமல் நிறுத்தி வைக்கிற ஏற்பாடு. திரையின் அளவை மாற்ற முடியாது, இரண்டாவது மானிட்டர் எழும்பாது, வீடியோவின் பாரம் முழுவதும் பிராசஸர் மேல் விழும். நிறுவி முடிக்கும் வரை வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் வேண்டாம். க்ரப் என்ற அந்தத் தொடக்க மெனுவின் கோப்பில் நிரந்தரமாக எழுதிவிடச் சொல்லும் ஆலோசனையை நான் ஏற்கவே மாட்டேன். பிறகு சரியான டிரைவரைப் போட்டாலும், இந்தச் சொல் அங்கே கிடந்தால் பயன் கிடைக்காது. நிறுவும்போது சேர்த்தது சில வேளைகளில் நிறுவிய கணினியிலும் ஒட்டிக்கொள்ளும், பார்த்து எடுத்துவிடுங்கள்.

இரண்டாவது வழியைத்தான் நான் எல்லாருக்கும் முதலில் சொல்வேன்: கார்டைக் கழற்றிவிட்டு, பிராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸைப் பயன்படுத்துவது. இன்டெலின் ஐ915 டிரைவர் கெர்னலோடே வருகிறது, தனியாக எதையும் இறக்க வேண்டாம். பிள்ளைகளின் பள்ளி வேலை, தமிழ்த் தட்டச்சு, யூடியூப், வீட்டிலிருந்து செய்யும் கணக்கு வேலை, இவ்வளவுக்கும் அது தாராளம். லோ யாட் கணினிக் கடைத்தொகுதியில் வாங்கிய புதுக் கணினி என்றால் மட்டும் பிராசஸரின் பெயரைப் பாருங்கள். ஐ5-12400எஃப் போல 'எஃப்' என்று முடியும் இன்டெல் சிப்பிலும், ரைசன் 5 5600-இலும் கிராபிக்ஸ் கிடையாது; 5600ஜி-இல் உண்டு. கிராபிக்ஸ் இல்லாத சிப்பு இருந்தால் மதர்போர்டின் எச்டிஎம்ஐ வாயில் எந்த கேபிளைச் செருகினாலும் படம் வராது. கார்டு மாட்டியிருக்கும்போது உள் கிராபிக்ஸைத் தானாக அணைத்துவிடும் பயாஸும் உண்டு. அதனால்தான் கேபிளை மட்டும் மாற்றிச் செருகாமல் கார்டையே கழற்றச் சொல்கிறேன்.

ஆபீஸ்களில் ஓடி, பிறகு விற்பனைக்கு வரும் டெல் ஆப்டிபிளெக்ஸ் மாதிரி கணினிகளில் இன்னொரு தொல்லை. பலவற்றில் டிஸ்பிளேபோர்ட்டும் விஜிஏவும் மட்டுமே இருக்கும். மலிவான மாற்றியை நடுவில் போட்டால் மானிட்டர் தன் அளவைக் கணினிக்குச் சொல்ல முடியாமல் போகலாம்; 1024-க்கு 768 என்று படம் வீங்கித் தெரிந்தால் டிரைவரைக் குறை சொல்லும் முன் மாற்றியை மாற்றிப் பாருங்கள்.

மூன்றாவது, என்விடியாவின் சொந்த டிரைவர். விளையாட்டு, வீடியோ எடிட்டிங், பிளெண்டரில் முப்பரிமாண வேலை என்று கார்டு உண்மையிலேயே தேவைப்படுபவர்களுக்கு இது. இதில் கார்டின் வயதுதான் எல்லாம். ஜிடி 710 போன்ற, கெப்ளர் என்ற பழைய தலைமுறைக் கார்டுகளுக்கு 470 வரிசைதான் கடைசி டிரைவர். புதிய கெர்னலோடு அதைக் கட்டி மேய்க்க வேண்டாம்; நூவோ என்ற திறந்த டிரைவரிலேயே விடுங்கள், அல்லது கார்டைக் கழற்றுங்கள். ஜிடிஎக்ஸ் 900, 10 வரிசைகளில் நூவோவால் கார்டின் வேகத்தை ஏற்ற முடியாது, காரணம் என்விடியா கையெழுத்திட்ட ஃபர்ம்வேர் அதற்குத் தேவை. ஆகவே 1060 வைத்திருப்பவருக்கு என்விடியா டிரைவர்தான் வழி, அதுவும் 580 வரிசை. இந்தத் தலைமுறைக்கு அதுவே கடைசி. ஜிடிஎக்ஸ் 16, ஆர்டிஎக்ஸ் 20 முதல் நிலைமை நல்லது. 2022-இல் என்விடியா கெர்னல் பகுதியைத் திறந்த மூலமாக வெளியிட்டது. ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு அந்தத் திறந்த பகுதி மட்டுமே ஓடும். பழைய மூடிய வகையைத் தேர்ந்தெடுத்தால் மறுபடி கருப்புத் திரைதான்.

மின்ட்டில் 'டிரைவர் மேனேஜர்' இந்தத் தேர்வைச் சுலபமாக்குகிறது. ஃபெடோராவில் ஆர்பிஎம் ஃப்யூஷன் என்ற வெளி மென்பொருள் களஞ்சியத்தைச் சேர்த்தால்தான் டிரைவர் கிடைக்கும். எதில் போட்டாலும், கையெழுத்தில்லாத டிரைவரை ஏற்க மறுக்கும் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு இயக்கத்தில் இருந்தால், அடுத்த முறை கணினி எழும்போது நீலத் திரை ஒன்று வந்து சாவியைப் பதியச் சொல்லலாம். என்னவோ ஏதோ என்று பயந்து அதைத் தாண்டிப் போய்விட்டால் டிரைவர் ஏறாது. நிறுவும்போது கொடுத்த கடவுச்சொல்லைப் போட்டு 'என்ரோல்' செய்யுங்கள்.

நான்காவது, ஏஎம்டி கார்டு. காசு செலவாகும், ஆனால் நிம்மதி இதில்தான் அதிகம். ஏஎம்டிஜிபியு டிரைவர் 2015 முதல் கெர்னலோடே வருகிறது. கெர்னல் புதுப்பித்தாலும் டிரைவர் கூடவே வரும். புத்தம்புது கார்டை மட்டும் பழைய லினக்ஸில் மாட்டாதீர்கள். 2025-இல் வந்த ஆர்எக்ஸ் 9070-ஐ டெபியன் 12 என்ற லினக்ஸின் 6.1 கெர்னலுக்கு அடையாளம் தெரியாது. ஆபீஸ் கணினிக்கு ஆர்எக்ஸ் 580 பார்க்காதீர்கள், அதற்குத் தனி மின்கேபிள் வேண்டும். ஆர்எக்ஸ் 550 அல்லது 6400-இல் ஒல்லியான வகை கிடைத்தால் சின்னப் பெட்டிக்குள்ளும் அடங்கும்.

கைமாறி வரும் ஆர்எக்ஸ் 580 கார்டுகளில் கிரிப்டோ நாணயம் எடுக்கும் 'சுரங்க' வேலையில் ஓடி, கார்டின் பயாஸ் மாற்றப்பட்டவை கலந்திருக்கும். மெனுகூடத் தெரியாமல் திரை கருப்பாகவே இருக்கும் கார்டு அப்படிப்பட்டதாக இருக்கலாம். அதை நோமோட்செட் காப்பாற்றாது. விற்பவரிடம் கேட்டு, மின்ட் பென்டிரைவை மாட்டி டெஸ்க்டாப் வரை வருகிறதா என்று பார்த்த பிறகே பணத்தை நீட்டுங்கள்.