தக்காளிப் பெட்டியில் விறகு: ஒரு வருஷம் வைத்துப் பார்த்ததில்

பெரம்பூரில் வீட்டுப் பின்பக்கம் ஞாயிற்றுக்கிழமை ஆர்டருக்கு மட்டும் பிரியாணி போடுகிறேன். விறகு அடுப்புதான். நீளச் சவுக்கு வாங்கினால் கட்டுப்படி ஆகாது. அதனால் விறகுத் தொட்டியில், அதாவது விறகுக் கடையில், கடைசியில் மிஞ்சுகிற முண்டு, முடிச்சு, கவட்டை, ஒரு சாண் துண்டு எல்லாவற்றையும் மொத்தமாகப் பேசி அள்ளிக்கொண்டு வந்துவிடுவேன். விலை பாதிதான். ஆனால் வைப்பது எங்கே? நீளக் கட்டையைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டால் அதுபாட்டுக்கு நிற்கும். கவட்டையை எப்படிச் சாய்த்தாலும் ராத்திரி உருண்டு விழுந்து பக்கத்து வீட்டை எழுப்பும்.

2016 டிசம்பர் 12, வர்தா புயல். மறுநாள் எங்கள் தெருவில் விறகு இலவசம். தூங்குமூஞ்சி, மயில்கொன்றை என்று ஆளுயரத்துக்குச் சேர்த்து, பழைய கட்அவுட் பேனரை நாலு பக்கமும் இழுத்துக் கட்டி மூடினேன். மார்ச்சில் பிரித்தால் அடியில் காளான், மேலே மாவு மாவாக உளுத்துப் போன கட்டை, நடுவில் குடும்பம் நடத்தும் பூரான். அத்தனையும் குப்பை லாரிக்கு.

புத்தி அப்போதாவது வந்திருக்க வேண்டும். வரவில்லை. போன வருஷத்துக்கு முந்தின மழையில், ஒரு நிச்சயதார்த்த ஆர்டர். காய்ந்தது என்று சொல்லித் தொட்டிக்காரர் கொடுத்த துண்டை அடுப்பில் வைத்தேன். கட்டையின் வாயில் நுரை தள்ளி 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம். தணல் பிடிக்கவே இல்லை, புகை மட்டும் அடங்காமல் வந்தது. தம் போட்ட அண்டாவைத் திறந்தபோது எனக்கே தெரிந்துவிட்டது. சாப்பிட்ட பெரியவர் ஒருவர், "ஏம்ப்பா, சோத்துல சாம்பிராணி போட்டியா?" என்றார். பாதிப் பணம் வாங்காமல் வந்தேன்.

அதற்குப் பிறகுதான் கோயம்பேடு. மார்க்கெட்டுக்குப் பின்னால் பழைய பிளாஸ்டிக் தக்காளிப் பெட்டி விற்கிறார்கள், நாலு பக்கமும் அடியிலும் ஓட்டை போட்ட பெட்டி. ஒன்று 130 ரூபாய் என்று பத்து எடுத்தேன். "காய்க்கா, பூவுக்காண்ணே?" "விறகுக்கு." "வெறகுக்கா? இன்னாண்ணே சொல்றீங்க!" என்று பெட்டி விற்றவன் பக்கத்துக் கடைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினான். வீட்டுக்கு வந்ததும் சோப்புத் தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். நான் ஒன்றை அப்படியே வைத்துவிட்டு ஒரு வாரம் ஈயோடு வாழ்ந்தேன்.

குட்டைக் கட்டை நீளக் கட்டையைவிடச் சீக்கிரம் காய வேண்டியது. ஈரம் பட்டை வழியாக அவ்வளவு போகாது, வெட்டுவாய் வழியாகத்தான் போகும். குட்டையில் அந்த வாய் உள்ளுக்கு எப்போதும் பக்கத்திலேயே இருக்கிறது. குவியலாகப் போட்டால் அந்த வாயைப் பக்கத்துக் கட்டையே அடைத்துவிடும், காற்றும் உள்ளே போகாது. பெட்டியில் அந்தச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. கவட்டை கோணலாகக் கிடப்பதே இங்கே நல்லது, இடுக்கில் காற்று ஓடும். அடுக்கவே வேண்டாம், கொட்டினால் போதும்.

மொட்டை மாடியில் செங்கல் மேல் வைத்து, மேலே மட்டும் ஒரு தகரம், பக்கம் திறந்தபடி. மே மாதம் ஒரு பெட்டியில் சாக்பீஸால் எண் போட்டு, ஞாயிறுதோறும் தராசில் ஏற்றினேன். வேலிக்காத்தான் துண்டு, பெட்டியோடு 24 கிலோ. இரண்டாம் வாரம் 21. ஐந்தாம் வாரம் 18½. அப்புறம் எடை இறங்கவில்லை, காய்ந்துவிட்டது என்று வைத்துக்கொண்டேன். இரண்டு துண்டை மோதினால் 'டொக்' என்றது போய் 'டங்' என்றது. வெட்டுவாயில் நட்சத்திரம் மாதிரி வெடிப்பு.

மே மாதம் மத்தியானத்துக்கு மேல் கிழக்கே இருந்து கடல்காற்று வரும், பெட்டியை அதற்கு முகம் காட்டி வையுங்கள். ஐப்பசியில் மழையும் அதே பக்கத்திலிருந்துதான் அடிக்கும். அதனால் தீபாவளிக்கு முன்பே மாடிப்படி அடிக்கு இறக்கிவிடுகிறேன்.

குறை இல்லாமல் இல்லை. வெயிலில் ஒரு வருஷம் கிடந்ததில் இரண்டு பெட்டிக்குக் கைப்பிடி உடைந்தது. நாலுக்கு மேல் அடுக்கினால் சாய்கிறது. அவசரத்தில் அடுப்போரம் வைத்த ஒன்று உருகி நசுங்கிய இட்லி மாதிரி ஆகிவிட்டது. வேர்க்கட்டை உள்ளே நுழையாது, ஆப்பு அடித்துப் பிளக்க வேண்டும். ஆன்லைனில் வாங்கிய வெங்காய வலைப் பையையும் முயன்றேன், ஒரே கோடையில் நைந்து கையோடு வந்தது. அதைவிட இது எவ்வளவோ மேல். அஞ்சுக்கு நாலு கொடுப்பேன்.

இன்னொன்று, யாராவது சும்மா தருகிறார்கள் என்று பெயின்ட் அடித்த ஜன்னல் சட்டம், பிளைவுட் துண்டெல்லாம் இதில் சேர்க்காதீர்கள். அது சோற்று அடுப்புக்கு ஆகாது.

பத்தில் இப்போது ஆறில் விறகு. உடைந்த இரண்டில் சுள்ளி. உருகாமல் மிச்சமிருந்த ஒன்றை என் மனைவி எடுத்து வெங்காயம் போட்டு வைத்திருக்கிறாள். கேட்டால், "காய் போடத்தானே செஞ்சாங்க?" என்கிறாள். அதற்குப் பதில் ஒன்று, உருகியதற்குப் பதில் ஒன்று வாங்க அடுத்த வாரம் மறுபடி கோயம்பேடு போக வேண்டும்.