ஆதார் இல்லாமல் வேலூரில் ஒரு சிம்

இந்தியாவில் டேட்டா கொள்ளை மலிவு, 2016-இல் ஜியோ வந்ததிலிருந்தே அப்படித்தான். 300 ரூபாய் சுமாருக்கு 28 நாள், தினம் 1.5 ஜிபி. லண்டனில் அந்தக் காசுக்கு ஒரு காபி வரும். ஆனால் இந்த மலிவுச் சரக்கை வாங்க முதலில் ஒரு இந்திய நம்பர் வேண்டுமே! அம்மா இருந்தவரை டாப்அப் போட்டு உயிரோடு வைத்திருந்த என் பழைய நம்பர், 90 நாள் சும்மா கிடந்தால் போச்சு என்கிற விதிப்படி எப்போதோ போய்விட்டது. புதிது வாங்கலாமென்றால் எல்லாரும் கேட்பது ஆதார். பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டும் ஓசிஐ அட்டையும் (வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளிக்காரர்களுக்கு இந்தியா தரும் அட்டை) வைத்திருப்பவனுக்கு ஆதார் வேண்டுமானால் 12 மாதத்தில் 182 நாளாவது இங்கே தங்கியிருக்க வேண்டும். அவ்வளவு லீவு யார் தருகிறார்கள்?

நம்பர் இல்லாவிட்டால் என்ன என்று கேட்காதீர்கள். ரயில் நிலையத்து இலவச வைஃபைக்குக் கூட ஓடிபி, அதுவும் 10 இலக்க இந்திய எண்ணுக்குத்தான் வரும். ஆட்டோ ஆப்புக்கு ஓடிபி. தள்ளுவண்டி வேர்க்கடலைக்காரர் கூட க்யூஆர் அட்டையைக் காட்டுகிறார், ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினால் முறைக்கிறார்.

சத்துவாச்சாரியில் மாமா வீட்டுத் தெருமுனைக் கடையில் ஆதார் இல்லை என்றதும் கையை விரித்துவிட்டார்கள். அப்புறம் ஒரு பெரிய ஷோரூம். ஏசி, டோக்கன், யூனிஃபார்ம் எல்லாம் உண்டு. அந்தப் பெண் என் பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, யாருக்கோ போன் போட்டு, கடைசியில் "சிஸ்டம்ல ஃபாரினர் ஆப்ஷன் வரல சார், நாளைக்கு வாங்க" என்றது. மறுநாளும் அதே பதில். லண்டன் சூப்பர் மார்க்கெட்டில் சூயிங்கம் பக்கத்தில் சிம் தொங்கும், எடுத்துக்கொண்டு காசைக் கொடுத்தால் பெயர்கூடக் கேட்க மாட்டார்கள்.

மாமாதான் சொன்னார்: "காந்தி ரோட்டுக்குப் போடா, அங்கதான் வெளியூர்க்காரனுக்கெல்லாம் குடுக்கிறான்." சிஎம்சி ஆஸ்பத்திரி எதிரே, வங்காளி எழுத்துப் பலகைகளும் மீன் சாப்பாட்டுக் கடைகளும் லாட்ஜுகளுமாக இருக்கிற அதே காந்தி ரோடு. கொல்கத்தாவிலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் வைத்தியத்துக்கு வந்தவர்களுக்குச் சிம் போட்டுப் போட்டுக் கை பழகிய கடைகள். நான் போன கடை ஒரு ஆள் நிற்கிற அகலம்தான். பையன் பாஸ்போர்ட் அட்டையைப் பார்த்ததும் இந்தியில் ஆரம்பித்தான். "தம்பி, நமக்கு வேலூர்தாம்ப்பா" என்றதும் சிரித்துவிட்டான். "இன்னாண்ணா, மின்னாடியே சொல்றதில்ல? உள்ளூர் ஆள் யாராச்சும் கூட கீறாங்களா?"

பிறந்து வளர்ந்த ஊரில் எனக்குச் சாட்சி சொல்ல ஒரு உள்ளூர் ஆள்! மாமா ஜம்பமாக முன்னால் வந்து தன் நம்பரைச் சொன்னார். ஓடிபி அவர் போனுக்கு வந்தது. கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார், அதனால் போனை எட்ட நீட்டிப் பிடித்து ஒவ்வொரு எண்ணாகப் படிப்பதற்குள் நேரம் தாண்டி, மறுபடி ஓடிபி. அடுத்து போட்டோ. 2024 ஜனவரியிலிருந்து காகித விண்ணப்பம் இல்லை, கடையில் நிற்க வைத்து ஆப்பிலேயே எடுக்க வேண்டும். பின்னால் பச்சைச் சுவர், ஆப் ஏற்கவில்லை. பையன் ஓடிப்போய்ப் பக்கத்து லாட்ஜில் காய்ந்துகொண்டிருந்த வெள்ளைப் படுக்கை விரிப்பை வாங்கிவந்து, ஒரு முனையை ஷட்டர் கொக்கியில் மாட்டி, மறுமுனையை மாமா கையில் கொடுத்தான். ஈர விரிப்பு என் பிடரியில் ஒட்ட, வேலூர் வெயிலில் அது மட்டும் சுகம், "கண்ண சிமிட்டுங்கண்ணா" என்றான். சிமிட்டினேன். ஏற்றுக்கொண்டது.

"ஒரு சிம்முக்கு இம்மாம் கூத்தா?" என்று மாமா விரிப்பை மடித்துக் கொடுத்தார். அவர் காலத்தில் மஞ்சள் பலகை எஸ்டிடி பூத்தில் ராத்திரி கட்டணம் குறையக் காத்திருந்ததை மறந்துவிட்டார் போல.

ராத்திரி சாப்பாட்டுக்குள் சிக்னல் வந்துவிட்டது. குறை சொல்ல ஒன்றுமில்லை, காட்பாடியிலிருந்து அரக்கோணம் வரை ரயிலில் வீடியோ கால் அறுபடாமல் பேசினேன், இங்கிலாந்து ரயிலில் அது நடக்காது. வருகிறவர்கள் பாஸ்போர்ட், ஓசிஐ இரண்டும் அசலாகக் கொண்டுவாருங்கள், ஷோரூம் பக்கம் போகாமல் நேராகக் காந்தி ரோட்டுக்குப் போங்கள், ஆஸ்பத்திரிக் கூட்டம் சேர்வதற்குள் காலையிலேயே. கூட வரும் மாமாவிடம் கண்ணாடியை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.