பெயின்ட்பால் பேரலுக்கு 7×14 மினி லேத்: எது ஆகும், எது ஆகாது

பெயின்ட்பால் விளையாட்டில் சாயக் குண்டு சுடும் துப்பாக்கிக்கு, 'ஏழு பதினாலு' மினி லேத்தை (ஏழு அங்குல விட்டம் வரை சுழற்றும்; இரு முனைகளில் தாங்கும் சென்டர்களுக்கு இடையே பதினாலு அங்குலம்) வாங்கி வீட்டிலேயே பேரல், அதாவது குழல், கடைய நினைப்பவர்கள் அந்தப் பதினாலு அங்குலத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். பார்க்க வேண்டியது ஸ்பிண்டில் துளை, அதாவது ராடைப் பிடிக்கும் சக்கைச் சுழற்றும் அச்சின் நடுத்துளை. அது 20 மி.மீ.தான். பேரலுக்கு எடுக்கும் 25 மி.மீ. ராடு அதற்குள் நுழையாது. 12 அங்குலப் பேரல் என்றால் 305 மி.மீ.; சக்கில் மாட்டியபின் எதிரே டிரில் வைக்க இடமே இருக்காது. அதனால் ஒரே துண்டுப் பேரல் இதில் ஆகாது. இரண்டு துண்டுப் பேரலின் பின்பாதி, 110–120 மி.மீ. நீளத்தில், நன்றாகவே வரும். குண்டைப் பிடித்து வேகம் ஏற்றுவது அந்தப் பாதிதான் என்பதால் இதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

அலுமினியத்தைக் கடையில் எச்.இ.20 அல்லது எச்.இ.30 என்று கேட்டு வாங்குங்கள். முன்னது 6061, பின்னது 6082. ஜன்னலுக்குப் போகும் 6063 மெத்தென்று இழுபட்டு டூலில் ஒட்டும்.

துளையை முதலில் முடிக்க வேண்டும், வெளிப்பக்கம் பிறகு. 16 மி.மீ. டிரில்லுக்கே இந்த மோட்டார் திணறும். பெரும்பாலான மாடல்களில் உள்ளே இருப்பது பிளாஸ்டிக் பல்சக்கரம், அடம்பிடித்தால் பல் போய்விடும். காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ பெரிய லேத் உள்ள பட்டறையில் 17.25 வரை துளை போட்டு வாங்கி வருவது புத்திசாலித்தனம். வீட்டில் 17.5 ரீமர் (துளையைத் துல்லிய அளவுக்கு எடுக்கும் கருவி), குறைந்த வேகம், மண்ணெண்ணெய் தாராளமாக. 17.5 என்பது 0.689 அங்குலம், பலரும் விரும்பும் அளவு. டிரில் கொஞ்சம் கோணலாகப் போயிருந்தாலும் கவலையில்லை: துளைக்குள் இறுகும் மான்ட்ரல் (தாங்கு தண்டு) ஒன்றைக் கடைந்து, இரு சென்டருக்கும் இடையே பிடித்து வெளிப்பக்கத்தை எடுத்தால், துளைக்கு ஏற்ப வெளிப்பக்கம் வந்துவிடும். தலைகீழாகச் செய்தால் ஒரு பக்கச் சுவர் மெலிந்து நிற்கும்.

பேரலைத் துப்பாக்கியில் திருகும் மரைதான் சிக்கல். ஆட்டோகாக்கர் (ஒரு வகைப் பெயின்ட்பால் துப்பாக்கி) மரை 15/16 அங்குலம், அதாவது 23.81 மி.மீ., அங்குலத்துக்கு 20 சுற்று, பிட்ச் (அடுத்தடுத்த சுற்றுகளுக்கு இடையே உள்ள தூரம்) 1.27 மி.மீ. டூலை நகர்த்தும் லீட்ஸ்க்ரூ 1.5 பிட்ச் என்றால் ஸ்பிண்டில் பக்கம் 55 பல் சக்கரம், லீட்ஸ்க்ரூ பக்கம் 65, நடுவே இணைப்புக்கு ஏதாவது ஒன்று. கிடைப்பது 1.2692, பத்துச் சுற்றுக்கு 0.01 மி.மீ.கூடப் பிசகாது. லீட்ஸ்க்ரூவைக் கவ்வும் ஹாஃப் நட்டை மட்டும் நடுவில் திறக்கக் கூடாது. டூலைப் பின்னிழுத்து, மோட்டாரை ரிவர்ஸில் ஓட்டித் திரும்புங்கள். திறந்துவிட்டால் அடுத்த வெட்டு பழைய பள்ளத்தில் விழாது, மரை பாழ்.

சூடாக இருக்கும்போது அளக்காதீர்கள். 30 டிகிரி ஏறினால் இந்தத் துளை 0.012 மி.மீ. பெருத்துக் காட்டும். அனோடைசிங்கும் (அமிலத்தில் மின்சாரம் பாய்ச்சி அலுமினியத்தில் ஆக்சைடு பூச்சு ஏற்றுவது) அளவைத் தின்னும். 50 மைக்ரான் கடினப் பூச்சில் ஏறத்தாழ பாதி வெளியே வளரும். இரு பக்கமும் சேர்த்துத் துளை 0.05 மி.மீ. குறைந்து, 0.689 அங்குலம் போய் 0.687 ஆகிவிடும். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிற காரைக்குடியில் இருந்துகொண்டு பேட்டரி ஆசிட் வாளியில் இதைச் செய்து பார்க்கிறவர்களை என்ன சொல்வது!

லேத்தை அசையாத மேசையில் போல்ட் போட்டு இறுக்குங்கள். கருங்கல் பலகை கிடைத்தால் நல்லது. வேகக் கட்டுப்பாட்டு போர்டு வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தைத் தாங்காது, ஸ்டெபிலைசர் அவசியம். கீழே ஆத்தங்குடிக் கல் பதித்த தரை என்றால் தகரத் தட்டு விரிக்காமல் தொடங்காதீர்கள். சிமென்ட் கல் எண்ணெயைக் குடித்துவிடும், அந்தக் கறை எந்தத் தேய்ப்புக்கும் போகாது.

முடிந்ததும் அன்றைய பெட்டியிலிருந்தே குண்டை எடுத்துப் போட்டுப் பாருங்கள்; ஜெலட்டின் ஓடு சித்திரை வெயிலில் இளகும், ஈரத்தில் உப்பும். துப்பாக்கியில் மாட்டாமல், பேரலை மட்டும் கையில் சாய்த்தால் குண்டு உருளக் கூடாது, வாயால் ஊதினால் வெளியே வர வேண்டும். பிறகு குரோனோகிராஃபில் (குண்டின் வேகத்தை அளக்கும் கருவி) வேகம் பாருங்கள்: துளை மாறினால் வேகமும் மாறும், விநாடிக்கு 300 அடியைத் தாண்டினால் களத்துக்குள் கொண்டுபோகக் கூடாது.