ரைசன் 5 5600, ஆர்டிஎக்ஸ் 3060: நீண்ட காலப் பயன்பாட்டில் எது தாங்குகிறது, எது திணறுகிறது

"ஐ7 இருக்கிறது, 16 ஜிபி ரேம் இருக்கிறது, கேம் ஓடுமா?" என்று கேட்டால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. எந்தத் தலைமுறை ஐ7, ரேம் ஒற்றைக் குச்சியா இரட்டையா, கிராஃபிக்ஸ் கார்டில் எவ்வளவு நினைவகம், மானிட்டர் என்ன அளவு என்பவைதான் விடையைத் தீர்மானிக்கின்றன. இங்கே பேசப்படும் கணினி: ரைசன் 5 5600 ப்ராசஸர் (6 கோர், 12 த்ரெட்), ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு, டிடிஆர்4-3200 ரேம் 8+8 ஜிபி, என்விஎம்இ எஸ்எஸ்டி, 550 வாட் எஸ்எம்பிஎஸ் (மின்வழங்கி), 1080பி 144 ஹெர்ட்ஸ் மானிட்டர்.

முடிவை முதலில் சொல்லிவிடலாம். 1080பி-க்கு இது இன்னும் நல்ல கணினி. அதற்கு முதல் காரணம் கார்டின் வேகம் அல்ல, அந்த 12 ஜிபி. 2023-ல் வந்த ஹாக்வர்ட்ஸ் லெகசி, தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1 ஆகிய கேம்களின் தொடக்க வெளியீடுகளில், இதைவிட வேகமான 3060 டிஐ கூட 8 ஜிபி-யால் திணறியது. கார்டின் நினைவகம் நிரம்பினால் மிச்ச டெக்ஸ்ச்சர்கள் (காட்சிப் பரப்புகளின் படங்கள்) கணினியின் ரேமுக்குப் போய்த் திரும்ப வேண்டும். 3060-ன் சொந்த நினைவகம் நொடிக்கு 360 ஜிபி வேகத்தில் தரவைத் தருகிறது, கார்டைப் போர்டோடு இணைக்கும் பிசிஐஇ 4.0 எக்ஸ்16 (16 தடங்கள்) வழியோ சுமார் 32 ஜிபி-தான். காட்சி சட்டென்று உறைந்து நகர்வதற்கு இந்த இடைவெளியே காரணம்.

பெயரை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். 3060-லேயே 8 ஜிபி வகை ஒன்று உண்டு. அதன் பஸ் (நினைவகத்துக்குத் தரவு போய்வரும் பாதை) 192 பிட்டிலிருந்து 128 பிட்டாகக் குறைக்கப்பட்டது, வேகமும் நொடிக்கு 240 ஜிபி-க்கு இறங்கியது. லேப்டாப் 3060-ல் 6 ஜிபி-தான். மின் வரம்பும் மாடலுக்கு மாடல் 60 முதல் 115 வாட் வரை மாறும். பழைய கார்டு வாங்கும்போது ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்து நினைவக அளவு, பஸ் அகலம், ஷேடர் (கார்டின் கணக்கிடும் அலகுகள்) எண்ணிக்கை மூன்றையும் பாருங்கள். ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 580 கார்டு என்று விற்கப்படுவதில் 2304-க்குப் பதில் 2048 ஷேடர் உள்ள வகையும் இருக்கிறது.

போதுமா என்பதை ஓடவிட்டு அளந்தால்தான் தெரியும். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர், ரிவாடியூனர் என்ற கண்காணிப்பு மென்பொருள்களை நிறுவி, ஜிபியு (கார்டின் சிப்) பயன்பாடு, கார்டு நினைவகம், ஒவ்வொரு த்ரெட்டின் சுமை, ரேம், ஃப்ரேம் டைம் (ஒரு ஃப்ரேம் வர ஆகும் நேரம்) ஆகியவற்றைத் திரையில் காட்டச் செய்யுங்கள். ஃப்ரேம்களை மானிட்டரின் வேகத்தோடு கட்டிப்போடும் விசிங்கையும் ஃப்ரேம் வரம்பையும் அணைத்துவிட்டு, கேமில் கூட்டமான ஓர் இடத்தில் பத்து நிமிடம் விளையாடுங்கள். ஜிபியு 95 சதவீதத்துக்கு மேல் நின்றால் எல்லை கார்டில் இருக்கிறது. கிராஃபிக்ஸ் அமைப்பைக் குறைத்தால் பலன் கிடைக்கும். 60, 70-லேயே நின்றால் பெரும்பாலும் ப்ராசஸர்தான் தடை. டாஸ்க் மேனேஜரின் மொத்த சிபியு சதவீதத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம்: 12 த்ரெட்டில் ஒன்று முழுதாக அடைபட்டாலும் அங்கே 8 சதவீதம்தான் கூடும். சந்தேகம் இருந்தால் 1080-ஐ 720 ஆக்கிப் பாருங்கள். எஃப்பிஎஸ் (நொடிக்கு வரும் ஃப்ரேம்கள்) ஏறவில்லை என்றால் ப்ராசஸர்தான். வாலரன்ட், கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 போன்றவற்றைக் குறைந்த அமைப்பில் ஆடும்போது இந்தக் கணினியில் அதுதான் நடக்கும். அவற்றுக்காக மட்டும் பெரிய கார்டு வாங்குவது பண விரயம்.

சராசரி எஃப்பிஎஸ்ஸை விட 1 சதவீத லோ, அதாவது மிக மெதுவான 1 சதவீத ஃப்ரேம்களின் வேகம், முக்கியம். சராசரி 90, லோ 25 என்றால் அது திக்கித் திக்கித்தான் ஓடும். 60 எஃப்பிஎஸ்ஸுக்கு ஒரு ஃப்ரேம் 16.7 மில்லிசெகண்டில் வர வேண்டும். திரையில் ஃப்ரேம் டைம் அடிக்கடி 50-க்கு எகிறினால் கண் உடனே பிடித்துவிடும்.

இப்படி எகிறுவதற்கு நம் ஊர்க் கணினிகளில் அடிக்கடி காணப்படும் காரணம் ஒற்றை ரேம் குச்சி. டிடிஆர்4-3200 ஒரு சேனலில் நொடிக்கு 25.6 ஜிபி, இரண்டில் 51.2. நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் பொதுவாக ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போட வேண்டும். போர்டின் அமைப்புத் திரையான பயாஸில், ரேமை அறிவித்த வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி-யை இயக்காவிட்டால் 3200 குச்சியும் 2133-லோ 2400-லோ ஓடிக்கொண்டிருக்கும். டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தில் வேகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். இந்தக் கணினியில் முதலில் இறுக்கம் காட்டிய பாகமும் ரேம்தான்: பிரவுசரும் டிஸ்கார்டும் திறந்திருக்கும்போது புதிய கேம்களுக்கு 16 ஜிபி நெருக்கடி, 32 நிம்மதி.

எங்கே போதாது? சைபர்பங்க் 2077-ஐ ஹை அமைப்பில் ரே டிரேசிங் (ஒளியின் போக்கைக் கணக்கிட்டுக் காட்டும் முறை) இல்லாமல் 60-ஐ ஒட்டி ஆடலாம். ரே டிரேசிங்கைப் போட்டால், சிறிய படத்தைப் பெரிதாக்கிக் காட்டும் டிஎல்எஸ்எஸ் கட்டாயம். அதைவிடக் கனமான பாத் டிரேசிங்கை இந்தக் கார்டில் மறந்துவிடுங்கள். இடையில் ஃப்ரேம்களைத் தானே உருவாக்கிச் செருகும் ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் ஃப்ரேம் ஜெனரேஷன் இதில் வேலை செய்யும். ஆனால் அடிப்படை 60-ஐத் தொடாமல் அதை இயக்கினால் எண் ஏறும், கையில் மந்தம் தெரியும்.

கோடையில் அறை 35 டிகிரியைத் தாண்டும்போது கார்டு 80-களுக்குப் போகும். 83-ஐ ஒட்டி கிளாக் (சிப்பின் வேகம்) தானே இறங்கும். முன்புறத் தூசி வடிகட்டியை மாதம் ஒருமுறை சுத்தம் செய்யுங்கள். ஹாட்ஸ்பாட்டுக்கும் (சிப்பின் மிகச் சூடான புள்ளி) ஜிபியு வெப்பத்துக்கும் உள்ள வித்தியாசம் முன்பு 12, 15 ஆக இருந்து 20-க்கு மேல் விரிந்தால் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.

மின்வெட்டையும் கணக்கில் சேருங்கள். கார்டு 170 வாட், ப்ராசஸர் 76 வரை. மானிட்டர், மற்றவை சேர்த்தால் 300-ஐத் தொடும். 600 விஏ யூபிஎஸ் தருவது பெரும்பாலும் 360 வாட்தான். பேட்டரி பழசானால் கரண்ட் போன கணமே அதுவும் விழும். 1000 விஏ வாங்குங்கள். வீட்டு இன்வெர்ட்டர் என்றால் அதை யூபிஎஸ் மோடில் வையுங்கள், இல்லாவிட்டால் மாறும் இடைவெளியில் கணினி ரீஸ்டார்ட் ஆகலாம்.

மேம்படுத்துவதானால் முதலில் ரேம். ப்ராசஸர்தான் தடை என்று அளந்ததில் தெரிந்தால், பயாஸை அப்டேட் செய்து அதே ஏஎம்4 போர்டில் 96 எம்பி எல்3 கேஷ் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்) உள்ள 5700எக்ஸ்3டி கிடைத்தால் போடலாம். கார்டு கடைசியில். அப்போதும் 8 ஜிபி ஆர்டிஎக்ஸ் 5060-க்கு அவசரப்பட வேண்டாம்: அது எக்ஸ்8 (8 தடங்கள்) இணைப்பு மட்டுமே கொண்டது, பி450 போன்ற பிசிஐஇ 3.0 போர்டில் நினைவகம் நிரம்பினால் நொடிக்கு சுமார் 8 ஜிபி வழிதான் மிஞ்சும்.