ஒரே ஓர் ஆட்டக்காரர், ஒரு கேம் மாஸ்டர்: எந்த விதிமுறை பொருந்தும்?

பகடையும் தாளும் பென்சிலும் கொண்டு மேசையைச் சுற்றி ஆடப்படும் கதாபாத்திர விளையாட்டுகள் பெரும்பாலும் நான்கைந்து பேரை மனத்தில் வைத்தே எழுதப்படுகின்றன. 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் காலத்திலிருந்தே, முன்வரிசையில் நின்று சண்டையிட ஒருவர், மந்திரம் சொல்ல ஒருவர், பூட்டைத் திறக்க ஒருவர், காயத்தை ஆற்ற ஒருவர் என்ற பங்கீடு வழக்கமாகிவிட்டது. ஆனால் நான்கு பேரை ஒரே மாலையில் ஒன்றுகூட்டுவது எவ்வளவு கடினம் என்பது, குழு அமைக்க முயன்ற எல்லோருக்கும் தெரியும். கணவன் மனைவி, அக்கா தம்பி, ஒரே அறையில் தங்கியிருக்கும் நண்பர்கள் என இருவர் மட்டும் இருக்கும் இடங்களில் ஒருவர் கதையையும் எதிரிகளையும் நடத்தும் கேம் மாஸ்டராகவும் மற்றவர் ஒரே ஆட்டக்காரராகவும் உட்காரலாமா என்ற கேள்வி இயல்பாக எழுகிறது. தாராளமாக உட்காரலாம். எந்த விதிமுறையோடு உட்காருவது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

இந்தக் கேள்வியை அணுகும் பலர், தனி வீரன் சண்டையில் சாகாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்பதோடு நின்றுவிடுகிறார்கள். அது பாதிப் பிரச்சினைதான். குழுவில் ஒருவர் தவறான முடிவை எடுக்கப்போகும்போது இன்னொருவர் தடுத்துவிடுவார். ஒருவர் கவனிக்காத தடயம் மற்றவர் கண்ணில் படும். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் சற்று ஓய்வெடுத்து யோசிப்பார்கள். அவர்கள் தங்களுக்குள் விவாதிக்கும் ஐந்து நிமிடத்தில் கேம் மாஸ்டரும் அடுத்த காட்சியைத் தயார் செய்துகொள்வார். தனி ஆட்டத்தில் இவை எதுவுமே கிடையாது. ஆகவே ஒரு விதிமுறையை எடைபோடும்போது, அது தனி வீரனுக்கு எவ்வளவு பலம் தருகிறது என்பதைக் காட்டிலும், இல்லாமல்போன அந்த இரண்டாவது மூளையின் இடத்தில் எதை வைக்கிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. அந்த அளவுகோலை வைத்து நான்கு வழிகளை இங்கே பார்க்கலாம்.

முதலாவது, பலரிடமும் ஏற்கெனவே இருக்கும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பையே தனி ஆளுக்குப் பயன்படுத்துவது. எந்த மாற்றமும் செய்யாமல் ஆடினால் என்ன நடக்கும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. 2014-இல் வந்த தொடக்கப் பெட்டியின் சாகசத்தில், குழு முதலில் சந்திப்பது பதுங்கியிருக்கும் நான்கு கோப்ளின்களை, அதாவது குட்டி அரக்கர்களை. அதே நால்வருக்கு எதிரே முதல் நிலைப் போர்வீரன் ஒருவனைத் தனியே நிறுத்துவோம். சங்கிலிக் கவசமும் கேடயமும் சேர்ந்து அவனுடைய தற்காப்பு எண் 18, உயிர்ப்புள்ளிகள் 12. ஒரு கோப்ளின் இருபது முகப் பகடையில் 14 அல்லது அதற்கு மேல் எறிந்தால் அடி விழும். அடிக்குச் சராசரியாக 5.5 புள்ளி சேதம். நால்வரும் அடித்தால் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 8 புள்ளி போய்விடும். அவனோ, வலிமையும் பயிற்சியும் சேர்த்துப் பார்த்தாலும், ஒரே வீச்சில் ஒரு கோப்ளினை வீழ்த்துவதற்கான வாய்ப்பு மூன்றில் ஒன்றுதான். இரண்டாவது சுற்று முடிவதற்குள் அவன் தரையில் கிடப்பான். விழுந்தபின் எறியும் மரணப் பகடையில் மூன்று வெற்றி கிடைத்தாலும் அவன் எழுந்துவிடுவதில்லை, நினைவிழந்த நிலையில் உயிர் தங்குகிறது, அவ்வளவே. குழுவில் யாராவது ஓடிவந்து மருந்து ஊற்றுவார்கள். தனியாளுக்கு ஓடிவர ஆள் இல்லை.

இதற்கு அந்த விளையாட்டை வெளியிடும் நிறுவனமே தந்த தீர்வு, நாயகனோடு கூடவே வரும் துணைப் பாத்திரத்துக்கான துணையாள் விதிகள். 2019-இல் வந்த எசென்ஷியல்ஸ் கிட் பெட்டியில், ஒரு கேம் மாஸ்டரும் ஓர் ஆட்டக்காரரும் மட்டும் ஆடுவதற்கென்றே இவை சேர்க்கப்பட்டன. 2020-இல் வந்த விரிவாக்க நூலில் இவை இருபதாம் நிலை வரை நீட்டிக்கப்பட்டன. நிபுணர், மந்திரக்காரர், போர்வீரர் என மூன்றே வகை. முழுக் கதாபாத்திரத்தைவிட எளிமையான தாள் என்பதால் புதியவர் திணறுவதில்லை. சண்டைக் கணக்கு ஓரளவு சரியாகிவிடுகிறது. விழுந்த வீரனைத் தூக்கிவிட ஒருவர் கிடைக்கிறார்.

ஆனால் அந்தத் துணையாள் யார் கையில் இருக்க வேண்டும் என்பதில்தான் பல ஆட்டங்கள் கெட்டுப்போகின்றன. கேம் மாஸ்டரே துணையாளை நடத்தினால், எல்லா ரகசியமும் தெரிந்த ஒருவர் ஆலோசனை சொல்பவராக ஆகிவிடுகிறார். ‘இடப்பக்க வாசல் வழியாகப் போகலாமா?’ என்று துணையாள் கேட்ட மாத்திரத்தில், அதுதான் சரியான வழி என்று ஆட்டக்காரருக்குத் தெரிந்துவிடும். அதன்பின் யோசிக்க எதுவும் மிஞ்சாது. துணையாளின் பகடையையும் சண்டை நகர்வையும் ஆட்டக்காரரிடம் கொடுத்துவிட்டு, பேச்சை மட்டும் கேம் மாஸ்டர் வைத்துக்கொள்வதே சரி. அந்தப் பேச்சும் வில்லுப்பாட்டில் பின்பாட்டுக்காரர் போலக் கேள்வி கேட்டுக் கதையை நகர்த்துவதாக இருக்க வேண்டும். கதையைச் சொல்லும் உரிமை அவருக்கு வரக்கூடாது. ‘அந்தக் காவலாளி உன்னைப் பார்த்தவுடன் ஏன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்?’ என்று துணையாள் கேட்டால் விடை சொல்லப்படவில்லை, ஆனால் ஆட்டக்காரர் தன் எண்ணத்தை வாய்விட்டுச் சொல்ல ஒரு வழி கிடைக்கிறது. ஒரே ஆட்டக்காரரிடம் இரண்டு முழுக் கதாபாத்திரங்களைக் கொடுக்கும் பழக்கமும் சிலரிடம் உண்டு. சண்டைக்கு அது உதவும். உரையாடலில் அவர் தன்னோடு தானே பேசிக்கொள்ள நேர்வதால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டாவது வழி, கெவின் க்ராஃபோர்ட் 2014-இல் வெளியிட்ட ஸ்கார்லெட் ஹீரோஸ். தனி வீரனுக்கென்றே பிறந்த விதிமுறை இது. இதன் அடிப்படை யோசனை வியக்கத்தக்க அளவுக்கு எளிமையானது: எதிரிகளையோ சாகசத்தையோ மாற்றாதே, சேதப் பகடையைப் படிக்கும் முறையை மாற்று. பகடையில் 1 விழுந்தால் சேதம் இல்லை. 2 முதல் 5 வரை விழுந்தால் 1 புள்ளி. 6 முதல் 9 வரை 2 புள்ளி. 10-உம் அதற்கு மேலும் 4 புள்ளி. வீரன் மீது விழும் அடி அவனுடைய உயிர்ப்புள்ளிகளிலிருந்து கழியும். அவன் கொடுக்கும் அடியோ எதிரியின் பலத்தைக் குறிக்கும் ஹிட் டைஸ் எண்ணிக்கையிலிருந்தே கழியும், கோப்ளினுக்கு அது 1. இது போதாதென்று, ஒவ்வொரு சுற்றிலும் ‘ஃப்ரே’ பகடை என்ற ஒன்றை அவன் கூடுதலாக எறிகிறான். அதற்குக் குறி தவறுவதே கிடையாது. ஆனால் தன் நிலைக்குச் சமமான அல்லது கீழான எதிரிகளை மட்டுமே அது பாதிக்கும். போர்வீரனுக்கு அது எட்டு முகப் பகடை.

அதே நான்கு கோப்ளின்களை இங்கே கொண்டுவருவோம். ஆறு முகப் பகடையால் அடிக்கும் ஒரு கோப்ளினின் அடி சராசரியாக 1 புள்ளியைத்தான் பறிக்கும். வீரனின் ஃப்ரே பகடையோ, 1 விழுந்தால் தவிர, சுற்றுக்கு ஒரு கோப்ளினையாவது சாய்த்துவிடும். 6 அல்லது அதற்கு மேல் விழுந்தால் இரண்டு. வாள்வீச்சும் பலித்தால் இரண்டு மூன்று சுற்றில் களம் காலியாகிவிடும். பெரிய அரக்கன் வந்து நின்றால் மட்டும் ஃப்ரே பகடை செல்லாது, வாளை நம்பியே நிற்க வேண்டும். சில்லறை எதிரிகள் சிதறுவதும் தலைவன் முன்னே வீரன் தடுமாறுவதும் என வீரகாவியத்துக்குரிய அளவு இந்த ஒரே விதியால் தானாக அமைந்துவிடுகிறது. இந்த விதியை வடித்தவரின் கணித நுட்பத்தை நான் மனதாரப் பாராட்டுகிறேன். 1981-இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பேசிக், எக்ஸ்பர்ட் தொகுப்புகளுக்காக நான்கைந்து பேரைக் கருதி எழுதப்பட்ட பழைய சாகசங்களை ஓர் எண்ணைக்கூட மாற்றாமல் தனி ஆளுக்கு நடத்த முடிகிறது என்பது கேம் மாஸ்டரின் தயாரிப்பு வேலையை வெகுவாகக் குறைக்கும். இந்தச் சேத விதிகளின் சுருக்கத்தை அதே ஆசிரியர் ஒரு சிறு கோப்பாக இலவசமாகவும் தந்திருக்கிறார்.

பூட்டுத் திறக்கத் தெரியாத வீரன் பூட்டிய அறையில் சிக்கினால் என்ன செய்வது? அதற்கும் இங்கே விடை உண்டு. நிலைக்கு ஒன்று என்ற கணக்கில் நான்கு முகப் பகடைகளை எறிந்து, அந்தச் சேதத்தை ஏற்றுக்கொண்டு தப்பித்துவிடலாம். ஒரே சாகசத்தில் மீண்டும் மீண்டும் இதைச் செய்தால் பகடை பெரிதாகிக்கொண்டே போகும். தவறான முடிவு ஆட்டத்தை முடித்துவிடாமல் ஒரு விலையோடு தொடரச் செய்கிறது என்பதால், இல்லாத தோழரின் கைகளுக்கு இது ஈடு. அவருடைய மூளைக்கு ஈடு அல்ல. மர்மமும் துப்பும் நிறைந்த கதையில் ஆட்டக்காரர் திகைத்து நின்றால், ஸ்கார்லெட் ஹீரோஸ் அவருக்கு உதவாது.

அந்த இடத்தில்தான் மூன்றாவது வழியான கம்ஷூ ஒன்-டு-ஒன் முன்னே வருகிறது. ராபின் டி. லாஸ் உருவாக்கிய இந்த முறை, 2017-இல் பெல்கிரேன் பிரஸ் வெளியிட்ட கதுலு கான்ஃபிடென்ஷியல் நூலில் அறிமுகமானது. 2020-இல் வந்த உளவுக் கதை நூலான நைட்ஸ் பிளாக் ஏஜென்ட்ஸ்: சோலோ ஆப்ஸ் இதே முறையைப் பின்பற்றுகிறது. துப்பறிவாளருக்கு உரிய திறமை இருந்து, அதை உரிய இடத்தில் பயன்படுத்தினால், தடயம் கிடைத்தே தீரும். அதற்குப் பகடை எறிவதே இல்லை. தன்னிடம் இல்லாத திறமைக்கு, சவப் பரிசோதனை செய்யும் மருத்துவர், பழைய நூல்களை அறிந்த பேராசிரியர் என்று தகவலாளர்கள் இருக்கிறார்கள். இவர்களை நான் ஐந்தாம் பதிப்பின் துணையாளைவிடப் பல மடங்கு மேலாக மதிக்கிறேன். துணையாள் எப்போதும் கூடவே நிற்கிறார். தகவலாளரையோ தேடிப்போய்ப் பேச வேண்டும். அந்தச் சந்திப்பே ஒரு காட்சியாகிறது. கண்டதையெல்லாம் அவரிடம் விவரிக்கும்போது ஆட்டக்காரரின் சிந்தனையும் ஒழுங்குபடுகிறது. நான் சொன்ன இரண்டாவது மூளைக்கு மிக நெருக்கமான ஏற்பாடு இதுவே.

சண்டை, துரத்தல் போன்ற ஆபத்துகளுக்கு மட்டும் ஆறு முகப் பகடைகளை ஒவ்வொன்றாக எறிய வேண்டும். முன்னேற்றம், சமநிலை, பின்னடைவு என மூன்று முடிவுகள். முன்னேறினால் அனுகூல அட்டை ஒன்று கைக்கு வரலாம். பின்னடைந்தால் பிரச்சினை அட்டை. விலா எலும்பு முறிந்தது என்றோ, காவல்துறை அதிகாரியின் பகை என்றோ எழுதப்பட்ட அந்த அட்டை ஆட்டக்காரரின் முன்னால் மேசையிலேயே கிடக்கும். பகடை போதவில்லை என்றால் தானாகவே இன்னொரு பிரச்சினையை ஏற்றுக்கொண்டு கூடுதல் பகடையும் எறியலாம். நாயகர் நடுக்கதையில் சாவதில்லை. தீர்க்கப்படாத அட்டைகளே கடைசியில் அவருடைய கதி என்ன என்பதைத் தீர்மானிக்கும். தனி ஆட்டத்தில் நாயகன் செத்தால் கதையே முடிந்துவிடும் என்ற அடிப்படைச் சிக்கலுக்கு இதைவிட நேர்மையான விடையை நான் கண்டதில்லை.

விலை என்னவென்றால், உழைப்பு. ஒவ்வொரு சவாலுக்கும் அதற்கே உரிய அட்டைகளை முன்கூட்டியே எழுத வேண்டும். நூலில் தரப்பட்டுள்ள சாகசங்களோ குறிப்பிட்ட நாயகர்களுக்காகவே நெய்யப்பட்டவை: 1930-களின் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு தனியார் துப்பறிவாளர், நியூயார்க்கில் ஒரு பெண் நிருபர், இரண்டாம் உலகப்போர்க் கால வாஷிங்டனில் ஒரு கறுப்பின விஞ்ஞானி. ஆட்டக்காரர் தன் விருப்பப்படி ஒரு பாத்திரத்தைப் படைக்க விரும்பினால், கேம் மாஸ்டர் புதிதாக ஒரு சாகசத்தையே எழுத வேண்டியிருக்கும்.

நான்காவது, ஷான் டாம்கின் 2018-இல் வெளியிட்ட அயர்ன்ஸ்வோர்ன். மின்னூல் இலவசம். தனியாகவும், கேம் மாஸ்டர் இல்லாமல் கூட்டாகவும், கேம் மாஸ்டரோடும் ஆடலாம் என்று மூன்று முறைகளை அதுவே வகுத்திருக்கிறது. இரும்பைத் தொட்டுச் சூளுரைத்து, அந்தச் சூளுரையை நிறைவேற்றப் புறப்படும் ஒருவரின் கதை. ஆறு முகப் பகடையோடு திறனைக் கூட்டி, இரண்டு பத்து முகப் பகடைகளோடு ஒப்பிட வேண்டும். இரண்டையும் தாண்டினால் முழு வெற்றி, ஒன்றைத் தாண்டினால் அரை வெற்றி, எதையும் தாண்டாவிட்டால் தோல்வி. திறன் 2 என்று வைத்துக் கணக்கிட்டால் முழு வெற்றிக்கு 23 விழுக்காடு, அரை வெற்றிக்கு 44, தோல்விக்கு 33 என்று வருகிறது. அதாவது பெரும்பாலான நேரம் ஏதோ ஒன்று கிடைக்கும், அதற்கு ஏதோ ஒன்றை இழக்கவும் வேண்டும். எதிரிகள் கேம் மாஸ்டரின் முறைக்காகக் காத்திருந்து பகடை எறிவதே இல்லை என்பதால், எண்ணிக்கையால் நசுக்கப்படும் ஆபத்தும் இல்லை.

ஆனால் இதன் உண்மையான பலம், கதையைப் பற்றிய கேள்விகளுக்குப் பகடையால் விடை தரும் ஆரக்கிள் அட்டவணைகள். ‘கோட்டைக்குள் யாராவது உயிரோடு இருக்கிறார்களா?’ என்று கேட்டு, வாய்ப்பு சமம் என்று முடிவுசெய்து நூறு வரையிலான பகடையை எறிந்தால், 51-உம் அதற்கு மேலும் ‘ஆம்’. கேம் மாஸ்டருக்கும் விடை தெரியாது. இருவரும் சேர்ந்து கதையைக் கண்டுபிடிக்கிறார்கள். ஒருவர் வினாத்தாள் தயாரித்து மற்றவர் தேர்வு எழுதும் நிலை மறைகிறது. களைப்பும் பகிர்ந்துகொள்ளப்படுகிறது. ஆனால் திட்டமிட்ட மர்மத்தை அவிழ்க்கும் இன்பத்தை நாடுபவருக்கு இது ஏமாற்றமே தரும். கொலைகாரன் யாரென்று பகடைதான் முடிவுசெய்யும் என்றால், தடயங்களைக் கூர்ந்து பார்ப்பதற்கு அர்த்தமில்லை.

ஆகவே வாளும் குகையும் புதையலும் வேண்டுமென்றால் ஸ்கார்லெட் ஹீரோஸ். துப்பறிய விரும்பினால், எழுத நேரமும் இருந்தால், ஒன்-டு-ஒன். தயாரிப்புக்கே நேரமில்லாத இருவருக்கு அயர்ன்ஸ்வோர்ன். ஐந்தாம் பதிப்பை நான் கடைசியில் வைப்பேன், ஒரே ஒரு விதிவிலக்கோடு: ஆட்டக்காரர் பின்னாளில் ஐந்தாம் பதிப்பு ஆடும் ஒரு பெரிய குழுவில் சேரப்போகிறார் என்றால், துணையாளோடு அதையே கற்றுக்கொடுப்பது நல்லது. அங்கே அவர் வளர்த்த பாத்திரத்தைத் தாளோடு எடுத்துக்கொண்டு போகலாம். ஸ்கார்லெட் ஹீரோஸ் பாத்திரத்தையும், ஃப்ரே பகடையைக் கழற்றி வைத்துவிட்டு, பழைய பாணிக் குழு ஒன்றில் சேர்த்துவிட முடியும். ஒன்-டு-ஒன் நாயகருக்கு அந்த வழி கிடையாது. அவருடைய அட்டைகளும் தகவலாளர்களும் அந்த ஒரு மேசைக்கு மட்டுமே உரியவர்கள்.